தைலம் தாங்கும் கறுப்பு மை

எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பவர் யார் என்று பார்க்கமாட்டேன். அன்று எதிரில் நின்றவர், எங்கள் தொழிற்சாலையில் அச்சு இயந்திரம் ஓட்டும் பெண். எட்டுப் பேர் சுற்றி நின்று பார்க்க, அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன்.

கிள்ளானில் எங்களுடையது சின்னத் தொழிற்சாலை. பூப்பந்து மட்டை, ஹாக்கி மட்டை, வலைப்பந்து எல்லாவற்றிலும் பெயர் அச்சடிப்போம். மை தயாரிப்பது என் பொறுப்பு. ஓராண்டு மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு மையைச் செய்திருந்தேன். மட்டை பெல்ட்டில் நகர்ந்து புற ஊதா விளக்குக்கு அடியில் போகும்போது இரண்டே விநாடியில் காயும். சுரண்டிப் பார்த்தோம், தண்ணீரில் ஊறவைத்தோம், செயற்கை வியர்வையில் போட்டோம். ஒன்றும் அசையவில்லை. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பங்சார் கடைக்காரர் இருபது பூப்பந்து மட்டைகளைத் திருப்பி அனுப்பினார். பிரிக்ஃபீல்ட்ஸில் விளையாடும் ஒரு குழுவுக்காக அடித்தவை. ஆட வேண்டுமே என்று சிலவற்றை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டிருந்தார்கள். குழுவின் பெயரில் பாதி எழுத்துகளைக் காணோம். முதலாளி சத்தம் போடவில்லை. அடுத்த முறையும் அழிந்தால் ஸ்டிக்கருக்கு மாறிவிடலாம், அச்சு அறையை மூடிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வேறு வேலை கொடுப்பார். அச்சு அறையில் இருந்த பெண்ணுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரத்துக்கு வந்து சேர இந்த வேலைதான் தோதானது என்று அந்தப் பெண் அடிக்கடி சொல்வார்.

அது தெரிந்தும் பழியை அவர் தலையில்தான் போட்டேன். "சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு பெல்ட்ட வேகமா ஓட்டியிருக்க. மை எப்படி காயும்?"

"நான் ஸ்பீட தொடவே இல்லண்ணே. நீங்க வெச்ச நம்பர்லதான் ஓடுது. வேணும்னா பாருங்கலா."

நான் பார்க்கவில்லை.

மறுநாள்தான் அந்த மட்டைகளை வரிசையாக அடுக்கி நிதானமாகக் கவனித்தேன். இருபதிலும் ஒரே இடத்தில்தான் அழிந்திருந்தது. கைப்பிடிக்குச் சற்று மேலே, கட்டைவிரல் படும் இடம். சரியாகக் காயாத மை என்றால் அங்கங்கே உரிந்திருக்க வேண்டும். விளையாடுகிறவர்கள்தான் மையைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைக்கிறார்கள் என்று அடுத்த சந்தேகத்துக்குத் தாவினேன். கையும் களவுமாகப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் புறப்பட்டேன்.

மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு பச்சைப் பாட்டில் கைமாறிக்கொண்டே வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் மணிக்கட்டில், தோளில், முழங்காலில் தேய்த்தார்கள். தேய்த்த கையோடு மட்டையைப் பிடித்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் பாட்டிலை என்னிடமும் நீட்டினார்.

"போட்டுக்குங்க தம்பி. தைலம் போடாம எங்க வயசுல ஆட முடியாது."

அவருடைய கட்டைவிரல் கறுத்திருந்தது. அது என் மை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. நாங்கள் மையைச் சோதிக்கும் பட்டியலை எங்கோ குளிர்நாட்டில் எழுதியிருந்தார்கள். அதில் வியர்வை உண்டு, தைலம் இல்லை. நான் குளிர்நாட்டுக்காரன் இல்லையே. என் வீட்டு அலமாரியில் மூன்று வகைத் தைலம் இருக்கிறது. போதாததற்கு, மணம் பிடிக்கவில்லை என்று ஆய்வுக்கூடக் கதவில் 'தைலம் பூசிக்கொண்டு உள்ளே வராதீர்கள்' என்று எழுதி ஒட்டியவனே நான்தான். ஒருமுறை கழுத்து வலியோடு வந்த அச்சு அறைப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவரை உள்ளே விட்டு, தைலக் கையோடு மட்டையைத் தொட விட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை நானே ஒரு பாட்டில் தைலத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் போனேன். திரும்பி வந்த மட்டை ஒன்றில் மிஞ்சிய எழுத்தின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்தேன். எழுத்து துணியோடு வந்துவிட்டது. காரணமும் புரிந்தது. கறுப்பு நிறமே விளக்கின் ஒளியை விழுங்கிவிடுகிறது. மேலே கெட்டியாகிறது, அடியில் பச்சையாகவே கிடக்கிறது, அவசரத்தில் பொரித்த போண்டா மாதிரி. மேலே ஒரு கீறல் விழுந்தால் போதும், தைலம் உள்ளே இறங்கி அடியைக் கரைத்துவிடும். தப்பு பெல்ட்டில் இல்லை, என் மையில்.

கறுப்பைக் குறைத்தால் எழுத்து சாம்பலாகத் தெரிந்தது. ஒளியைப் பிடிக்கும் மருந்தைக் கூட்டினால் மை நொறுங்கியது. கடைசியில் மருந்தை மாற்றி, ஒரே கனமான பூச்சை மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகக் காயவைத்தோம். அந்த நாட்களில் அந்தப் பெண் என்னோடு அளந்துதான் பேசினார். சொன்னதை மட்டும் செய்தார். மன்னிப்புக் கேட்க நாக்கு எழாமல் நான் மையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

புதிய மட்டைகள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போயின. தைலத்தை நன்றாகப் போட்டு விளையாடுங்கள் என்று நானே கேட்டுக்கொண்டேன். அவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கைப்பிடித் துணி கிழிந்திருந்தது, நரம்பு அறுந்திருந்தது, பெயர் மட்டும் முழுசாக இருந்தது. பெரியவரின் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலை அதே அறையில், அதே எட்டுப் பேரையும் கூப்பிட்டேன். முதலாளியும் வந்தார். "மைதான் தப்பு. அத செஞ்சது நான். இவங்க கை மேல ஒரு குத்தமும் இல்ல. அன்னைக்கு நான் பேசுனது அநியாயம்" என்றேன். எதிரில் நின்றவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "சரிண்ணே" என்றார்.

முதலாளி மட்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டு பூச்சு என்றால் நேரம் இரட்டிப்பாகுமே என்று கேட்டார். இரண்டாவது விளக்கு இருந்தால் ஆகாது என்றேன். சற்று யோசித்துவிட்டு, வாங்கிவிடலாம், எங்கே வைப்பது என்றார். நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, தரையில் இடம் குறிக்கச் சுவர் ஓரமாகக் குனிந்தேன்.

"அங்க வேணாண்ணே" என்றார் அந்தப் பெண். "அங்க வெச்சா எனக்குக் கை எட்டாது. நாளைக்கும் நான்தான இங்க நிக்கப் போறேன்."

கட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். அவர் குனிந்து, தன் கைக்கு எட்டும் இடத்தில் கோடு போட்டார்.