கிறிஸ்டி அங்கிளும் வடைமாலை போட்ட மனேஜரும்

மகேசுவரி மாமி எங்கள் கதவைத் தட்டியபோது நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "பிள்ளை, கிறிஸ்டி எழும்புறாரில்லையடி. மூக்கடியில விரலும் வைச்சுப் பார்த்திட்டன்" என்றார். நான் தலையை நிமிர்த்தாமல், "அவர் நடிக்கிறார் மாமி. நாளைக்கு எழும்புவார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலருக்குத் தெரியும். ஃபிளாட் கொமிற்றியிலிருந்து யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டால் கிறிஸ்டி அங்கிள் சாய்மனைக் கதிரையில் நீட்டி நிமிர்ந்து, பேப்பரை முகத்தில் போட்டுக்கொள்வார். பேப்பருக்குள்ளிருந்து குரல் வரும்: "நான் செத்துப் போனன். நாளைக்கு வா." வந்தவரும் சரியென்று இறங்கிப் போய் மறுநாள் வருவார். அன்று காலையும் பேப்பர் முகத்தில்தான் இருந்ததாம். நான் ஒற்றைச் சப்பாத்துடன் மூன்றாம் மாடிக்கு ஓடினேன். குரல் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் மலரில் உறவினர்கள்தான் எழுதுவார்கள். அங்கிளுக்குக் கொழும்பில் உறவென்று ஒருவரும் இல்லை. மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் வரவேண்டிய பக்கங்கள் வெறுமையாகக் கிடந்ததால், "கையெழுத்து வடிவான பிள்ளை" என்று கொமிற்றி என்னைப் பிடித்தது. அந்தக் கையெழுத்து அவருக்கு என்ன செய்தது என்று கொமிற்றிக்குத் தெரியாது. இன்று தெரியப்போகிறது.

அவர் கொட்டாஞ்சேனையில், துறைமுகக் கிளாக்கர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இளவயதில் படம் வரையப் படித்து, லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஒரு விமானத் தொழிற்சாலையில் வரைபடக்காரராக ஐந்து வருடம் இருந்தார். அங்கே குடியிருந்த கட்டடத்தைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் எங்கள் சோறு ஆறிவிடும். நடுவில் நீச்சல் தடாகம், சுற்றிவர இரண்டு மாடி அறைகள், வாசலில் காஸில் எரியும் மூங்கில் தீவட்டிகள், ஓலைக்கூரை போட்ட பார், பசிபிக்கின் தென்கடல் தீவுக்காரர் செதுக்கியதைப் பார்த்து யாரோ அமெரிக்கர் செதுக்கிய பெரிய மரமுகங்கள். இருந்தவர்கள் தட்டெழுத்தாளர்கள், விமானப் பணிப்பெண்கள், இவரைப்போல வரைபடக்காரர்கள். அந்தத் தீவுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று ஒருவருக்கும் தெரியாதாம். அதைவிட முக்கியம், தனியாட்களுக்கு மட்டுந்தான் அறை. யாராவது கலியாணம் கட்டினால் பார்ட்டி வைத்து, மாலை போட்டு, வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் கொமிற்றித் தலைவர் சிவபாதம் மாஸ்ரர் ஓய்வுபெற்ற ரயில்வே ஸ்ரேசன் மாஸ்ரர். இதைக் கேட்டதும் ரயில் தடம் புரண்டதுபோல முழித்தார்.

"கலியாணம் கட்டினதுக்கே கலைச்சவங்கள்?"

"ஓம் மாஸ்ரர். உம்மை வாசலுக்கே விட்டிருக்க மாட்டாங்கள்."

"அப்ப நீர் ஏன் திரும்பி வந்தனீர்?"

"அம்மாவுக்கு ஏலாமப் போச்சு. இஞ்ச வந்தா, கலியாணம் கட்டாததுக்குக் கலைக்கிறாங்கள்."

அது பகிடி இல்லை. அம்மா போன பிறகு பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன் என்று பதினொரு வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். எல்லோரும் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஃபமிலியோ?" இல்லை என்றதும் கதவு அவருடைய மூக்கை உரசிக்கொண்டு மூடியிருக்கிறது. பன்னிரண்டாவதாகக் கிடைத்த இடம் எங்கள் ஃபிளாட். சொந்தக்காரர் அவுஸ்திரேலியாவில் இருந்ததால் இவருடைய மூக்கைப் பார்க்கவில்லை.

அமெரிக்காக் கதைகளில் எனக்குப் பிடித்தது கிடுகுக் கதை. பாரின் கூரை பழுதானபோது, "நீ சிலோன்காரன்தானே" என்று ஓலையைக் கொண்டுவந்து இவர் முன்னால் போட்டிருக்கிறார்கள். துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர் கிடுகைக் கண்டதே கல்யாணப் பந்தலில்தான். "தென்னையில காய்ச்சு விழுந்தவன் எண்டு நினைச்சாங்கள். நானும் இல்லையெண்டு சொல்லேல்லை" என்பார். இரண்டு நாள் இருந்து பின்னினாராம். சனிக்கிழமைப் பார்ட்டியில் கூரை முழுவதுமாகக் கழன்று, கீழே நின்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தடாகத்துக்குள் போய்விட்டது. அதுதான் உண்மையான தென்கடல் முறை என்று இவர் சொல்ல, எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் மாடியில் அவர் முன்னறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் மிச்சம் தெரிந்திருக்கும். மூங்கிலால் ஒரு பார். சிரட்டைக் கோப்பைகள். ஒரு பெட்டி நிறையக் காகிதக் குடைகள். மூலையில் மூன்றடி உயரத்தில், பிதுங்கின கண்ணும் பெட்டி பெட்டியான பல்லுமாக ஒரு மரமுகம். கட்டடத்துக்குப் பெயின்ற் அடித்தபோது கழற்றிப் போட்டதை இவர் கேட்டு வாங்கி, கப்பலில் கொண்டுவந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் மனேஜர். "வாடகைக்கு இருந்த இடங்களில என்னட்ட ஒண்டும் கேக்காத ஒரே மனேஜர் இவர்தான்" என்பார்.

இனி என் வாக்குமூலம்.

எனக்குப் பதினாறு வயதான வருடம் பொலிஸ் பதிவு கடுமையாக இருந்தது. ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று சிங்களத்தில் ஃபோம் நிரப்பிக் கொடுக்கவேண்டும். எனக்குச் சிங்களம் வடிவாக எழுதவரும் என்பதால் எங்கள் கட்டடத்து ஃபோம்கள் முழுவதும் என்னிடம் வந்தன. பதினான்கு வீட்டுக்கு ஒரே கேள்விகளை எழுதினால் யாருக்கும் மூளை கலங்கும். கிறிஸ்டி அங்கிளின் ஃபோமில் அவருடைய பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக, எனக்காகவே காத்திருந்தது. நான் எழுதினேன். பெயர்: மனேஜர். வயது: முப்பத்தைந்து. தொழில்: நிற்பது. வீட்டுத் தலைவருக்கு உறவுமுறை என்ற கட்டத்துக்கு ஒன்றும் தோன்றாததால் வெறுமையாக விட்டேன். அவர் கண்ணாடி போடாமல் கையெழுத்து வைத்தார்.

நாலு நாள் கழித்து ஒரு சார்ஜன்ட் இரண்டு பேருடன் படியேறி வந்தார். நான் பின்னாலேயே போய்க் கதவடியில் நின்றேன்.

"கோ மனேஜர்?" என்றார் சார்ஜன்ட். மனேஜர் எங்கே என்று கேட்கிறார்.

அங்கிள் ஃபோமை வாங்கிப் பார்த்தார். இந்தமுறை கண்ணாடி போட்டிருந்தார். ஒருமுறை வாசித்தார். பிறகு தலையைத் தூக்கிக் கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம் திரும்பி, "மகே விஹிளுவக், சார்" என்றார். என்னுடைய பகிடி. மூலையைக் கையால் காட்டினார்.

சார்ஜன்ட் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் பல்லைக் காட்டிக்கொண்டு தன் தொழிலைச் செய்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற ஒரு பொலிஸ்காரர் சிரிப்பை அடக்க இருமினார். சார்ஜன்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறந்திருக்கலாம். அது நாள் முழுவதும் கதைக்கிற வாய். அன்று மட்டும் திறக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். வேறு ஃபோம் நிரப்பச் சொல்லி, பழையதைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். படியில் என்னைக் கண்டு, "ஸ்ரேசனில என்னை இருத்தி வைச்ச வாங்கு நல்ல அகலம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் கொமிற்றி கூடியது. சிவபாதம் மாஸ்ரரின் நெற்றியில் வியர்வை. "ஒருத்தற்ற பகிடியால நாளைக்கு எல்லா வீட்டுப் பெடியளையும் ஏத்துவாங்கள். இனி இஞ்ச ஃபமிலி மட்டும்" என்றார். அவர் பயந்ததில் பிழை இல்லை; அவருக்கும் இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். அங்கிள் மாத முடிவில் வெளிக்கிடவேண்டும் என்று கடிதம் போனது. அவுஸ்திரேலியாக்காரரும் ஓம் என்றுவிட்டார். மாஸ்ரர் கடிதத்துடன் போனபோது பேப்பர் முகத்துக்குப் போகவில்லை. எழுந்து நின்று வாங்கினாராம். அடுத்த நாள் நான் எட்டிப் பார்த்தபோது சிரட்டைக் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயதில் பதின்மூன்றாவது கதவைத் தட்டப் போகிறார், என்னுடைய ஒரு வரியால்.

உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வேலையை, பகிடியை, மறுபடி செய்தேன். அவர் கொட்டாஞ்சேனைக்கு அறை பார்க்கப் போன செவ்வாய்க்கிழமை, பூச்சாடிக்குக் கீழே இருந்த திறப்பை எடுத்து உள்ளே போனேன். மனேஜரின் நெற்றியில் மூன்று குறி திருநீறு, நடுவில் குங்குமப் பொட்டு, காதுக்கு இரண்டு செவ்வரத்தம்பூ. கதவை நன்றாகத் திறந்துவைத்துவிட்டு வந்தேன். மகேசுவரி மாமி உடுப்புக் காயப்போட மொட்டைமாடிக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கனடாவிலிருக்கும் மகனின் ஸ்பொன்சருக்காக இரண்டு வருடமாகக் காத்திருப்பவர் அவர். கொமிற்றியில் இல்லாவிட்டாலும் கொமிற்றிதான் அவருக்குப் பயப்படும்.

உடுப்பு வாளி விழுந்த சத்தம் கீழே எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

"இது வைரவரல்லோ" என்றார் மாமி. அந்தக் கண்ணையும் பல்லையும் பார்த்தவர் வேறெப்படிச் சொல்வார்? அரை மணித்தியாலத்தில் கற்பூரம் வந்தது. மாமி நேர்ந்துகொண்டார், கனடாக் கடிதம் வந்தால் வடைமாலை. கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விசா இல்லை, இன்னும் நாலு பத்திரம் அனுப்பு என்கிற கடிதம். ஆனால் நேர்த்தியில் கடிதம் என்றுதான் இருந்தது. மாமி உழுந்து நனையப்போட்டார்.

சிவபாதம் மாஸ்ரர் மட்டும் தடுத்துப் பார்த்தார். "மகேசக்கா, இது அமெரிக்கச் சாமான். பாரில நிண்டது."

"நிண்டா? வைரவர் எங்க காவல் நிக்கோணுமெண்டு நீரே சொல்லுறது? அமெரிக்காவில நிண்டவருக்குத்தானே கனடாவுக்கு வழி தெரியும்."

"கிறிஸ்டி சேர்ச்சுக்குப் போற வேதக்காரனக்கா."

"அதுக்கென்ன, அந்த மனுசன் சாமியைக் கடல் தாண்டிக் கொண்டு வந்தவர். நீர் அவரைக் கலைச்சா, வைரவரையும் சேர்த்துக் கலைக்கிறீர். பிறகு உம்மட பெடியளுக்கு ஒண்டு நடந்தா என்னைக் கேக்கக் கூடாது."

மாஸ்ரர் பச்சைக்கொடி காட்டிவிட்டார். கொமிற்றிக் கொப்பியில் இன்றும் இருக்கிறது: தனியாட்களுக்கு இடமில்லை, வைரவரைப் பராமரிப்பவர் நீங்கலாக.

அங்கிள் கொட்டாஞ்சேனையிலும் இல்லையென்று கேட்டுவிட்டு வந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே கற்பூரப் புகைக்குள்தான் நுழைந்தார். போத்தல்களுக்கு மேலே மாமியின் பழைய சேலை விரித்திருந்தது. அவர் வாசலில் நின்று சிலுவை போட்டார். மனேஜரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "நான் செத்துப் போனன்" என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் பார், பாராக இருக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போத்தல் திறக்கக் கூடாது. விசா, சோதனை, சம்பந்தம் என்று எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வடைமாலையின் கடைசி வடைகள் அவருக்கு; அவருடைய கொலஸ்ரரோலுக்கு நாங்கள் எல்லோரும் பொறுப்பு. "அங்க கலியாணம் கட்டினவையைக் கலைச்சுப்போட்டு நாங்கள் குடிச்சம். இஞ்ச அவையள் முழுக்க என்ர பாருக்குள்ள நிண்டு தேவாரம் படிக்கினம்" என்று முறையிடுவார். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் சவரம் செய்து, பூப்போட்ட சேட்டு மாட்டி, காலையிலேயே கதவைத் திறந்து வைத்திருப்பார்.

கொழும்புக் கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த அன்று நண்பகலில் ரெலிபோன் எல்லாம் செத்துவிட்டது. வேலைக்குப் போனவர்கள் வந்து சேரும்வரை கட்டடம் முழுவதும் அவர் முன்னறையில்தான் இருந்தது. ஏன் அங்கே கூடினோம் என்று யாரும் யோசிக்கவில்லை. அங்கிள் பாருக்குப் பின்னால் நின்று தேசிக்காய் பிழிந்து, சிரட்டைக் கோப்பைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு காகிதக் குடை குத்தி நீட்டினார். மாமி குடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னத்துக்கு, மழையே?"

"வரும் மாமி. பிடிச்சுக்கொண்டிருங்கோ."

மாஸ்ரரின் மூத்த மகன் நாலு மணிக்கு நடந்து வந்து சேரும்வரை மாஸ்ரர் அந்தக் குடையைக் கையிலிருந்து விடவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கமுதல் மகேசுவரி மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பொட்டு வைத்த இடத்தை மட்டும் அவசரமாக வாசித்தேன். மாமி அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியுமடி. திருநீறு பூசத் தெரியாத பிள்ளை இந்தக் கட்டடத்தில நீ ஒருத்திதான். மூண்டு குறியும் கோணல்" என்றார். "அதுக்காக வைரவர் இல்லையெண்டு ஆகுமே? செவ்வாய்க்கு உழுந்து நனையப்போடு."

ஆகவே மனேஜர் மாமி வீட்டுக்குப் போகிறார். சிரட்டைக் கோப்பைகளில் வீட்டுக்கு ஒன்று வந்துசேரும். எனக்குக் கோப்பை வேண்டாம். அவருடைய அறையை ஒதுக்கித் துப்புரவாக்கும்போது மனேஜரின் முதுகுப் பொந்துக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. பொலிஸ் திருப்பிக் கொடுத்த அந்தப் பழைய ஃபோம். மனேஜருக்கு நான் வெறுமையாக விட்ட உறவுமுறைக் கட்டத்தை அவர் தன் வரைபடக்கார அச்செழுத்தில் நிரப்பியிருந்தார். அதற்குக் கீழே கோடு பிடித்து இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்.

பெயர்: ஆரணி. வயது: பதினாறு. தொழில்: கதவடியில் நிற்பது. உறவுமுறை: மேற்படி.

மேலே மனேஜருக்கு எழுதியிருந்தது: ஃபமிலி.

அந்தத் தாளை நான் வைத்துக்கொள்கிறேன்.

ஆரணி
இரண்டாம் மாடி