சால்மன் குஞ்சுகள் செத்த வாரம்

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளியில், ஆசிரியை ரொவீனா திபோடோவின் வகுப்பறையை மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாரம் ரொட்டியில் பூஞ்சை வளரும். மறுவாரம் கறிக்கடையிலிருந்து வாங்கி வந்த மாட்டுக் கண்ணைப் பிள்ளைகள் அறுத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வகுப்புக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். காகித ஆலைத் தொழிலாளியின் மகள் அவள். சிறுவயதில் எதைக் கேட்டாலும், புத்தகத்தில் இருக்கிறது படி என்ற பதிலையே கேட்டுச் சலித்தவள். தன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பதிலைச் சொல்வதில்லை என்று வைத்திருந்தாள். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வகுப்பறைதான் அவளுக்கு வீடு.

குளிர்காலந்தோறும் மீன்பண்ணையிலிருந்து சால்மன் மீன் முட்டைகள் வரும். மூலையிலுள்ள குளிர்நீர்த் தொட்டியில் பிள்ளைகளே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்து, மே மாதம் ஆற்றில் விடுவார்கள். அந்த வருடம் தீனி போடும் வேலையைக் கோராலி கேட்டு வாங்கிக்கொண்டாள். வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த பெண், யாரோடும் ஒட்டாதவள். தொட்டிப் பக்கம் போனால்தான் வாய் திறப்பாள், அதுவும் மீன்களிடம்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று பள்ளி விடுமுறை. மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை காலை ரொவீனா விளக்கைப் போட்டபோது, குஞ்சுகளெல்லாம் வயிறு மேலாக மிதந்தன. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் வருமுன் கொட்டிவிடச் சொன்னார். குளிரூட்டி பழுதாகிவிட்டது என்று சொன்னால் போயிற்று என்றார். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பார்க்கட்டும், அழட்டும், ஏன் செத்தன என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்றாள்.

அழுதார்கள். பிறகு வேலையில் இறங்கினார்கள். குளிரூட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டதும், மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் கரும்பச்சையானது. அம்மோனியா, மீனுக்கு விஷம். கூழாங்கற்களைக் கிளறினால், அடியில் அழுகிய தீனி கஞ்சியாகப் படிந்து கிடந்தது. அப்போதும் ரொவீனாவுக்கு உறைக்கவில்லை. துப்புத் துலக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தாள். அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று கேட்டும்விட்டாள்.

"யாரோ அளவுக்கு மேல போட்டிருக்காங்க மிஸ்," என்றான் வேட் என்ற பையன்.

வகுப்பு முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது. கோராலி எழுந்து நின்றாள்.

"மூணு நாள் லீவாச்சே, யாரும் வர மாட்டாங்களேன்னு மொத்தமா சேர்த்துப் போட்டேன் மிஸ்."

"அதுங்க பசி தாங்கும்னு சொல்லியிருந்தேனேம்மா."

"தாங்கும் மிஸ். ஸ்கூல் சாப்பாடு இல்லாத சனி, ஞாயிறுல நானுந்தான் தாங்குறேன். அதுக்காக நல்லாவா இருக்கு?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆக, இவதான் கொன்னிருக்கா," என்றது.

ரொவீனா அந்தக் குரலை அதட்டினாள். தான்தான் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். எதுவும் எடுபடவில்லை. நிரூபித்துக் காட்டுங்கள் என்று பழக்கியவள் அவள், அவர்களும் நிரூபித்துவிட்டார்கள். மறுநாளே மைதானத்தில் அந்தப் பெண்ணுக்கு 'மீன்கொல்லி' என்று பெயர் விழுந்தது.

அந்த வார வெள்ளிக்கிழமை மாலை ரொவீனா, ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், டின் சூப் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கிழங்குக் கிடங்குக்குப் பின்னால் கோராலியும் தாயும் குடியிருந்த, தகரப் பெட்டி போன்ற டிரெய்லர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த தாய் பையைப் பார்த்தாள்.

"எம்பொண்ணை அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சீங்களாமே. இப்ப சோறு போட வந்தீங்களாக்கும்."

குரல் உயரவில்லை. கதவு சாத்திக்கொண்டது. ரொவீனா பையைப் படியில் வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினாள். சன்னல் திரைக்குப் பின்னால் கோராலி நிற்பது தெரிந்தது. கையசைக்கலாமா என்று நினைத்தாள், அசைக்கவில்லை.

மே மாதத்துக்குள் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். தாய்க்குத் தெற்கே வேலை கிடைத்ததாக யாரோ சொன்னார்கள். ரொவீனா பள்ளி அலுவலகத்தில் விசாரித்தும் இடம் தெரியவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் முட்டைகள் வந்தன. புதிய பிள்ளைகள் தொட்டியைச் சூழ்ந்துகொண்டு, தீனி போடுவது யார் என்று கேட்டார்கள். நானே போடுகிறேன் என்றாள்.