சீட்டுக் குலுக்கத் தெரியாதவர்கள்

கல்லூரி ஹாக்கிப் போட்டிகளுக்கு அட்டவணை போடும் கூட்டத்துக்கு இந்த வருடமும் போனேன். நான் இப்போது ஒரு கல்லூரியில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் மண்டலத்தில் பன்னிரண்டு பெண்கள் அணிகள். யார் யாரோடு, என்றைக்கு, எத்தனை மணிக்கு ஆடுவது என்று முடிவு செய்ய அந்தக் கூட்டத்துக்குத் தேவைப்படுவது ஒரு தட்டு பஜ்ஜியும் இருபது நிமிடமும்தான். ஒருங்கிணைப்பாளர் அட்டவணையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுவார். நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மைதானம் எப்போதும் சென்னையில் அதே பெரிய கல்லூரியுடையது. முதல் சுற்றில் ஆடாமலே தாண்டிப் போகிற 'பை' அவர்களுக்கு. மாலை வெயில் தாழ்ந்த நேரமும் அவர்களுக்கு. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலை ஏழு மணி. கேட்டால், "சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் ஊருக்குப் போயிடலாமே" என்று அக்கறையாகச் சொல்வார்கள். அந்த அக்கறையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு மீனவ ஊரில். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. முகத்துவாரம் பக்கம் இறால் அள்ளும். தள்ளிப் போனால் வலையில் பாசிதான் இருக்கும். அதனால் ஊரார் கூடி, எல்லார் கண் முன்னாலும் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை தள்ளிப் போக வேண்டும். படகு பெரிதா, ஆள் பெரிதா என்ற பேச்சே கிடையாது. அந்தக் கூட்டத்தில் பெண்களை உட்கார விடமாட்டார்கள். அதற்கும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் படித்தவர்கள் போடும் அட்டவணையில் இல்லாத நியாயம் அந்தச் சீட்டில் இருந்தது.

நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது எங்கள் அணி அரையிறுதிக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் கல்லூரி முதல் சுற்றைத் தாண்டியதில்லை. நான் கோல்கீப்பர். கல்லூரியில் இருந்தது ஒரே ஒரு செட் கோல்கீப்பர் கால் பேடு. அதை உப்புத் தண்ணீர் படாமல் துடைத்து, காயவைத்து, நான்தான் வீட்டில் வைத்திருந்தேன். ஆட்டம் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று அட்டவணையில் இருந்தது. நைனாவுக்கு முகத்துவாரத்தில் பாடு வெள்ளிக்கிழமை. அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டும் மோதாது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பி.டி. மேடத்திடமிருந்து போன் வந்தது. சிறப்பு விருந்தினருக்குச் சனிக்கிழமை வசதிப்படவில்லையாம். ஆட்டம் நாளைக் காலை ஏழு மணிக்கு.

அன்றைக்குக் கடைசிப் படகும் பஸ்ஸும் போய்விட்டன; விடியற்காலையில் எங்கள் ஊரிலிருந்து கரைக்கு ஆள் ஏற்றும் படகு கிடையாது. பாடு உள்ளவர் விடிவதற்குள் தன் இடத்தில் வலையோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த நாள் அடுத்தவருக்குப் போய்விடும். நைனா வலையைப் பார்த்தார், என் பையைப் பார்த்தார்.

"நீ ஏறுமா," என்றார்.

"உன் பாடு, நைனா?"

"ஏறுன்றேன்ல."

இருட்டிலேயே கிளம்பினோம். எதிர்காற்று. நைனா கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். கரை சேர்ந்ததும் டச்சுக் கல்லறையைத் தாண்டி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மீஞ்சூர் போய் ரயில் பிடித்து, மைதானத்துக்குள் நுழைந்தபோது மணி ஏழு இருபத்தைந்து. எங்கள் பெண்கள் பத்துப் பேரும் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். கோல்கீப்பரும் பேடும் இல்லை என்று ஏழே காலுக்கே எதிரணிக்கு 'வாக் ஓவர்' என்று எழுதிவிட்டார்கள்.

"டைம்னா டைம்தாம்மா," என்றார் மேஜையில் இருந்தவர்.

"நேத்து சாயங்காலம் டைம மாத்துனது யாரு சார்?"

"அதெல்லாம் கமிட்டி முடிவு."

அந்த மைதானம் ஒன்பதரை வரை காலியாகக் கிடந்தது. ஒரு நாய் நடுக்கோட்டில் படுத்திருந்தது. அதற்குப் பிறகுதான் சிறப்பு விருந்தினர் வந்தார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

மத்தியானம் திரும்பி வந்தேன். நைனா கரையிலேயே படகோடு காத்திருந்தார். தூரத்தில் அவர் இடத்தில் வேறு ஒருவருடைய வலை நின்றது.

"இன்னாமா, ஜெயிச்சீங்களா?"

"ஆடவே உடல நைனா."

அவர் பையை வாங்கிப் படகில் வைத்தார்.  பாதி தூரம் போனதும் கழியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "என் மொற போனா போவுது, சுத்திக்கினு திரும்ப வந்துடும். உன் மொற எப்போ வரும்?"

"வராது நைனா. இதான் கடைசி வருசம்."

அவர் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன்.

இந்த வருடக் கூட்டத்துக்கு நான் பன்னிரண்டு சீட்டுகளும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் எடுத்துக்கொண்டு போனேன். எல்லார் முன்னாலும் குலுக்குவோம் என்றேன். மைதானம் கல்லூரி கல்லூரியாகச் சுற்றி வரட்டும். ஒரே தோல்வியில் துரத்தாமல் லீக் முறையில் ஒவ்வொரு அணிக்கும் நாலு ஆட்டமாவது கொடுங்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தை, தூரத்திலிருந்து வருகிற பெண்ணைக் கேட்டு வையுங்கள். ஒரு தடவை எழுதிய தேதியை எந்தப் பெரிய மனுஷனுக்காகவும் மாற்றாதீர்கள் என்றேன். ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொண்டு வந்திருந்த அட்டவணையைப் பார்த்தேன். காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து பெண்கள் வருகிற என் அணிக்கு அதே காலை ஏழு மணி.

"இன்னா மேடம், வீட்ல சீட்டுக் கம்பெனி வெச்சிருக்கீங்களா?" என்றார் ஒருங்கிணைப்பாளர். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பேனாவை என் பக்கம் நீட்டினார். "நல்ல யோசனைதான். இந்த வருஷம் போகட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் எந்தப் பொண்ணுக்கு சார்?" என்று கேட்டேன். "என் டீம்ல ஆறு பேர் மூணாவது வருஷம்."

 நான் பேனாவை வாங்கவில்லை. பன்னிரண்டு கையெழுத்து இருக்க வேண்டிய தாளில் பதினொன்றுதான் இருக்கிறது.