வாட்டர் ஸ்கூட்டருக்குள் கேட்ட தட்டல்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ராஜபாளையத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். மரத்தில் உருவம் தெரிகிறது, கிணற்றுக்குள் அழுகுரல் கேட்கிறது என்று தகவல் வந்தால் நேரில் போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதுவேன். அதனால் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் சேவியருக்குத் துரோகம் செய்தேன். நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, பாதி நாள் நானே நம்புவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், மழை கொட்டித் தீர்த்த ஒரு கார்த்திகை மாதம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கண்மாய்கள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. ராஜபாளையத்தில் பஞ்சு மில் வைத்திருந்த ஒரு முதலாளி, கண்மாயில் ஓட்டுவதற்கென்று கொச்சியிலிருந்து பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றை லாரியில் ஏற்றி வந்தார். மேலே மோட்டார் சைக்கிள் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும், கீழே ஃபைபர் படகு. ஸ்டார்ட் செய்தால் உள்ளே கடகடவென்று சத்தம். அடிப்பகுதியில் ஆயில் ஒழுகித் தண்ணீரோடு கலந்து சாம்பல் நிறத்தில் தேங்கியிருந்தது.

பார்க்க வந்தவன் சேவியர். மில் மெஷின்களுக்கு அவன்தான் மெக்கானிக், எனக்குப் பள்ளித் தோழன். ஒரு காலத்தில் குடித்துச் சீரழிந்தவன், விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. இனிக் குடித்தால் அன்றோடு வேலை போய்விடும் என்று சொல்லித்தான் முதலாளி அவனைச் சேர்த்திருந்தார். செய்திக்கு ஆகுமே என்று நானும் மில் கொட்டகைக்குப் போனேன்.

சேவியர் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். எந்த எஞ்சினையும் அப்படித்தான் பார்ப்பான். கண் திறந்திருந்தால் காது பாதிதான் வேலை செய்யும் என்பான்.

"எஞ்சின்ல கோளாறு இல்லலே. எஞ்சினையும் ஷாப்டையும் சேக்குத ரப்பர் தேஞ்சு போச்சு, அதான் இந்தக் கத்து கத்துது."

"அப்ப ஆயிலு?"

"பம்புக்குப் போற டியூப்ல கிளிப்ப உப்புத்தண்ணி தின்னுட்டு. எம்புட்டு ஊத்துனாலும் ஒழுகத்தான் செய்யும்."

கிளிப்பை மாற்றினான். கிணற்று பம்புசெட்டின் ரப்பர் ஒன்றை ராவிப் பொருத்தினான். மூன்றாம் நாள் நடுப்பகலில், சூடேறாமல் இருக்கத் தோட்டத்துக் குழாயை மாட்டி ஓடவிட்டோம். ஆயில் ஒரு சொட்டு இல்லை. சத்தமும் சீராக இருந்தது. நிறுத்தினான். ஆனால் காதிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு மறுபடி குனிந்து கேட்டான்.

"இங்க வாலே. செத்த நேரம் காத வச்சுப் பாரு."

வைத்தேன். உள்ளிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். சூடான இரும்பு ஆறும்போது வருகிற சத்தம் எனக்குத் தெரியும், அது தாறுமாறாக வந்து தேய்ந்துவிடும். இது அளவெடுத்த மாதிரி வந்தது.

"அப்படியே இரு, நான் தட்டிப் பாக்கேன்" என்று மரச்சுத்தியல் மாதிரியான கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனான். நான் அவனைப் போலவே கண்ணை மூடிக்கொண்டேன். வெளியிலிருந்து நான்கு தட்டல். உள்ளிருந்து நான்கு. பிறகு வெளியிலிருந்து இரண்டு, உள்ளிருந்து இரண்டு. வெளியிலிருந்து மூன்று, உள்ளிருந்து மூன்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, நிமிர்ந்துவிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"ரிப்பேரு முடிஞ்சிது மொதலாளி. ஆனா தண்ணில எறக்க வேண்டாம்" என்றான் சேவியர். "உள்ள யாரோ இருக்காப்ல இருக்கு. தட்டுனா திருப்பித் தட்டுது."

முதலாளி சிரித்தார். "மத்தியானமே ஊத்தியாச்சா?"

"என் பிள்ள மேல சத்தியமா இல்ல. இவனும் கேட்டான், கேளுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பேயெல்லாம் வெரட்டுத பேப்பர்காரரு, நீங்க சொல்லுங்க. கேட்டீகளா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொன்னது. சேவியர் ஒரு கணம் என்னைப் பார்த்தான். சாமான்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். மறுநாள் மில்லில் அவனுக்கு வேலை இல்லை. மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்ற பேச்சு பரவ, வெளி வேலையும் நின்றது. அந்த வண்டியோ இரண்டு மழைக்காலம் கண்மாயில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. படம் எடுத்துச் செய்தி போட்டதும் நான்தான்.

இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக வத்திராயிருப்புக்குப் போனபோது, ஒரு பம்புசெட் கடையில் கூலிக்கு நின்ற சேவியரைப் பார்த்தேன். எஞ்சினை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்குரூ டிரைவரைக் காதில் வைப்பதை விட்டுவிட்டானாம். டீக்கடையில் வைத்துச் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குப் பொய் சொன்னேன் சேவியர். எனக்கும் கேட்டுச்சு."

"தெரியும்லே. ஒன் ஒதடு அசஞ்சுது, எண்ணிக்கிட்டு இருந்த."

"அத அவர்ட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? குடிகாரப்பய ரெண்டு பேருன்னுருப்பாரு. ஒம் பொழப்பும் போயிருக்கும்."

எதையாவது பேச வேண்டுமே என்று, "நாலு, ரெண்டு, மூணு. ஒண்ணுகூடத் தப்பல" என்றேன்.

சேவியர் கிளாஸைக் கீழே வைத்தான். "அது என்ன ரெண்டு, மூணு?"

"நீதான தட்டுன?"

"நாலுதாம்லே தட்டுனேன். ஒரு கைய வண்டி மேல வச்சிருந்தேன், நாலும் திரும்ப வந்தது கையில தெரிஞ்சுது. கொட்டாப்புளியப் போட்டுட்டு செவத்துப் பக்கம் ஒதுங்கிட்டேன். அங்கன நின்னுதான் ஒன்னப் பாத்தேன். இவன் ஏன் இன்னும் எண்ணுதான்னு இருந்துச்சு."

அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் இதை அன்றே பேசியிருப்போம், அவன் வேலையும் போயிருக்காது. உள்ளிருந்து தட்டியது எது என்று யோசிப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த இரண்டும் மூன்றும் வெளியிலிருந்து வந்தவை, வண்டியின் பின்பக்கத்திலிருந்து. கொட்டகையில் எங்கள் இருவரைத் தவிர வேறு ஆள் இல்லை.