மீசை வைத்த ஞாபகம்

மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மோட்டாருக்குக் கம்பி சுற்ற உட்கார்ந்தால் கையும் ஓடும், கதையும் ஓடும். எரிந்துபோன பம்பு மோட்டாரைத் தூக்கி வந்தவர் தெரியாத்தனமாக, "இந்த வேலைக்கு எப்படிக்கா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அரைமணி நேரம் நின்றாக வேண்டும்.

கதை இதுதான். அவளுக்கு மூன்று வயது. அப்பா வேலை பார்த்த கடை. அப்பாவின் மடி, நீலச் சட்டை, அதில் ஏறிய வார்னிஷ் நெடி. அவள் கையைப் பிடித்துச் செப்புக் கம்பியைச் சுற்ற வைக்கிறார். குனியும்போது மீசை கன்னத்தில் குத்துகிறது. "இன்னிக்கும் குறுகுறுங்குது" என்று கன்னத்தைத் தடவிக் காட்டுவாள். அதற்கப்புறம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். எப்போது என்று அவள் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. அப்பா என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அந்த ஒரு ஞாபகம்தான்.

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க பீரோவைக் காலி செய்தாள். அடித்தட்டில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கிடந்தது. தேதியைப் பார்த்தாள். விரல்விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அவர் போனபோது அவளுக்கு எட்டு மாதம்.

அப்படியானால் அந்த மடி யாருடையது? இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் அளந்தது அத்தனையும் புளுகா?

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீட்டிய காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான்தான்டி அது. அவர் வேலையை எனக்குக் குடுத்தாங்க. சேலை தொளதொளன்னு இருந்தா மெஷின் இழுத்துக்கும், சட்டை போட்டுக்கோன்னார் முதலாளி. புதுசுக்கு எங்க போறது? அப்பாவோடதையே மாட்டிக்கிட்டேன். உன்னைப் பார்த்துக்க ஆளில்ல, மடியிலயே வச்சுக்கிட்டேன். மூணு வருஷம். அப்புறம் வார்னிஷ் நெடி ஒத்துக்காம தையலுக்குப் போயிட்டேன்."

"அப்ப மீசை?"

"அது நீயா ஒட்டினது. சுவத்துல மாட்டியிருக்கிற அவர் போட்டோவுல பார்த்து ஒட்டியிருப்ப." அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்கு ஏதுடி மீசை!"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் அழுகையும் பொத்துக்கொண்டு வந்தன. "உன் முன்னாடியே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! அங்க வேலை பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? மடியில வச்சுச் சுத்தக் கத்துக்குடுத்தது நீ, பேரு அவருக்கா?"

"அஞ்சு வயசுல முதல் தடவையா வந்து சொன்ன, அப்பா மடியில உட்கார்ந்திருந்தேன்னு. உன் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கிட்டேன்." அம்மா மறுபடி கத்தியை எடுத்தாள். "என்னைப் பத்திச் சொல்ல உனக்கு ஆயிரம் இருக்கு. அவரைப் பத்தி அது ஒண்ணுதான். அதுலயும் நான் போய் உட்கார்ந்துக்கவா?"

தனக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அம்மா பீன்ஸ் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து இடம் கொடுத்தாள்.