இன்னொன்று இல்லை

என் தங்கை மயிலம்மாளுடைய புருஷனின் அண்ணன் வேலுசாமி. மரியாதையாக 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன். செத்தவனை அப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

கெட்டவனாகப் பிறந்தவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பனும் ஆத்தாளும் காலராவில் போனபிறகு தம்பி பொன்னனைத் தோளில் போட்டு வளர்த்தவன். தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டு, தான் கட்டாமலேயே இருந்துவிட்டான். புதுச்சத்திரத்தில் சேலம் ரோட்டோரம் அவனுடைய பெட்டிக்கடை. பீடி, வெற்றிலை, சோடா, சிகரெட். தீப்பெட்டி குறைந்தால் விலையை ஏற்றுவான். ஏன் என்று கேட்டால், "கெடைக்காததுக்குத்தானுங்க மவுசு" என்று சிரிப்பான்.

தொள்ளாயிரத்து முப்பத்தாறில் ஒரு கம்பெனி சிகரெட் பாக்கெட்டுக்குள் ஹாக்கி ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டைகளை வைத்து விற்றது. மொத்தம் ஐம்பது படம். வாங்குகிறவர்கள் கீழே போட்டுவிட்டுப் போவார்கள், பொன்னன் பொறுக்கி வைப்பான். அதில் ஒரு படம், அந்த வருஷம்தான் ஆட வந்த சின்னப் பையனுடையது. தொளதொள டவுசரும் கையில் மட்டையுமாக நிற்பான். அந்தப் படத்தின் அச்சுக்கல் உடைந்துவிட்டதாம். கம்பெனி திரும்ப அடிக்கவில்லை, வெளியே வந்தவை ஒன்றிரண்டுதான். எங்கள் அதிர்ஷ்டமோ கேடோ, அதில் இரண்டு அந்தக் கடைக்கே வந்து சேர்ந்தன. அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று.

நாற்பத்தொன்றில் பொன்னன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனான். பஸ் ஏறும்போது தன் அட்டையைச் சட்டைப் பையில் தட்டிக் காட்டினான். "இது எங்கூட வரட்டுங்கண்ணா. உங்களுது ஊட்டுல இருக்கட்டும். திரும்பி வந்து ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்கலாம்."

"பத்திரமா போயிட்டு வா, சாமி" என்று வேலுசாமி அழுதான். நிஜமாகவே அழுதான், நான் பார்த்தேன்.

பொன்னன் இருந்த சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அதன்பிறகு கடுதாசி இல்லை. மயிலம்மாள் ஒவ்வொரு நாளும் ரோட்டுக்கு வந்து தபால்காரருக்காக நிற்பாள். பஸ் நின்றால் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்ப்பாள். இப்படியே ஒரு வருஷம் தாண்டிப் போனது.

அப்போதுதான் சேலத்திலிருந்து குழந்தைவேல் என்றொருவர் வந்தார். ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருவருக்குப் படம் சேகரித்துத் தருகிற ஆள். துரையிடம் நாற்பத்தொன்பது இருக்கின்றன, அந்தப் பையன் படம் மட்டும் இல்லை. நான் உப்பு வாங்கப் போய் அங்கே நின்றிருந்தேன்.

"ஒலகத்துல இது ஒண்ணுதான் பாக்கின்னா, தொரை ஒரு ஜோடி எருதும் வண்டியும் வாங்கித் தருவாருங்க. இன்னொண்ணு எங்கியாச்சும் இருந்தா, ஒரு கன்னுக்குட்டி வெலதான்" என்றார் குழந்தைவேல்.

பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டி வைத்திருப்பவன் ராஜா. வேலுசாமி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொண்ணு தம்பிகிட்ட இருக்குதுங்க."

"தம்பி எங்கீங்க?"

அவன் அட்டையைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் குழந்தைவேலின் முன்னால் கற்பூரம் ஏற்றி, "இன்னொண்ணு இல்ல. எங்கியும் இல்ல" என்று சத்தியம் பண்ணி, கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? அட்டை பொன்னனின் சட்டைப் பையில் அல்லவா இருந்தது? அது இல்லையென்றால் அவன் எப்படி இருப்பான்? மிலிட்டரியிலிருந்து தகவல் வந்திருக்கிறது, அண்ணன் மறைத்து வைத்திருக்கிறான் என்று ஊர் முடிவுகட்டியது. உச்சிப்பொழுதுக்குள் பெண்கள் வாசலில் மாரடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மயிலம்மாள் அழவில்லை. நேராக வேலுசாமியிடம் போனாள். "மாமா, அவரப் பத்தி மிலிட்டரித் தாக்கல் ஏதாச்சும் வந்துச்சுங்களா? வல்லீன்னா வல்லீன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. எனக்கு அது போதுங்க."

வரவில்லை என்று அவன் சொல்லியிருந்தால் சத்தியம் பொய்யாகும், எருதும் வண்டியும் கைக்கு வராது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? சொல்லுங்க!" என்று நான் கத்தினேன்.

எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். மூன்றாம் நாள் என் தங்கையின் தாலியை வாங்கினார்கள். கடையில் அன்று பேசியது முழுக்கத் தெரிந்த நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். ஊரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எருதுகள் வந்தன. வண்டி நன்றாக ஓடியது, ஓட்டுக்கூரை போட்டான். ஆனால் ஒன்று கவனித்தேன். பஸ் நின்றால் மயிலம்மாள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. அவன்தான் பார்த்தான். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் மூச்சு விடுவான்.

நாற்பத்தைந்து கார்த்திகையில் ஒரு நண்பகல். கரியில் ஓடுகிற பஸ் வந்து நின்றது. எலும்பும் தோலுமாக ஒருவன் இறங்கி, வண்டி பூட்டிக்கொண்டிருந்த வேலுசாமியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பொன்னன்தான்.

வேலுசாமி குனிந்து தூக்கவில்லை. "அட்டை எங்கடா?" என்றான்.

தான் வளர்த்த பிள்ளையிடம் நாலு வருஷம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி இது. பொன்னனுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. இடுப்பிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்துத் திறந்தான். "பத்திரமா இருக்குதுங்கண்ணா. கேம்ப்புல ஒருத்தன் ரெண்டு நாள் சோறு தாரேன்னு கேட்டான், குடுக்கலீங்க. உங்களுது எங்கீங்க? எடுத்துட்டு வாங்க, ஒண்ணா வெச்சுப் பாக்கலாம்."

அந்த நேரம் பார்த்துத்தான் மயிலம்மாள் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தாள். பொன்னன் அவளைப் பார்த்தான். வெள்ளைச் சீலையைப் பார்த்தான், வெறும் கழுத்தைப் பார்த்தான். பிறகு அண்ணனிடம் திரும்பினான்.

"ஏனுங்கண்ணா, ஆருங்க செத்தது?"

வேலுசாமி அந்த அட்டையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.