ரெகொபோத்துக்கு முந்தின கிணறு

எங்கள் வீட்டுக்குப் பேர்க்கல்தான் முதலில் வந்தது. தண்ணீர் பிறகுதான் வந்தது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வருசப்பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையார் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், குடும்பத்துக்கு ஒன்று. அதில் அச்சடித்த ஒற்றை வசனம்தான் அந்த வருசம் முழுக்க நமக்குச் சொன்னது. எங்க வீட்டுக்காரர் கைக்கு வந்தது ஈசாக்கு கிணறு வெட்டின வசனம். அந்தக் கிணற்றுக்கு ரெகொபோத் என்று பேர் வைத்தாராம். எபிரெயப் பேர், விசாலமான இடம் என்று அர்த்தம். சின்னாளப்பட்டிக்குப் போகிற வழியில் அப்பா எனக்கு எழுதிவைத்த பாதி நிலத்தில் அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். "வீட்டுக்குப் பேரு கெடச்சிருச்சு" என்றார். அடுத்த வாரமே கருப்பு கிரானைட்டில் பேரை வெட்டிக் கொண்டுவந்து, பூசாத முன்னறைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டார்.

எனக்குப் பகீரென்றது. "தண்ணியே வரல, அதுக்குள்ள கல்லு வெட்டியாச்சா?" என்றேன். விசுவாசம் வேணும் என்றார். விசுவாசத்தை வைத்துப் பாத்திரம் கழுவ முடியுமா?

முதலில் போட்ட போர்வெல் வெறும் புழுதி. லாரிக்காரர்கள் குழாயை இறக்க இறக்க வெள்ளைத் தூளாகப் பறந்தது. காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவர்கள் குழியின் வாயை மூடிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார்கள். வீட்டுப் பிரதிஷ்டைக்குத் தேதி குறித்துப் பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது. தண்ணீரில்லாத வீட்டில் யார் குடியிருப்பது?

அடுத்து என்ன செய்தோம் தெரியுமா, நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிவந்தோம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார், ஊற்று இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பார்கள். சபையில் தெரிந்தால் மானம் போகுமே என்று, போதகர் வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் வரச் சொன்னோம். விசுவாசத்தைப் பற்றி எங்க வீட்டுக்காரர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

தேங்காய் கிழக்கு வேலியோரம் எழுந்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பியின் கிணறு. அப்பா நிலத்தின் மறுபாதி அவனுக்கு. முழுக்க மல்லிகை போட்டிருக்கிறான், அவன் குடும்பம் சாப்பிடுவது அந்தப் பூவில்தான். சத்தம் கேட்டு வேலியண்டை வந்து நின்றான்.

"அக்கா, அந்த எடத்துல மட்டும் போடாத. எங் கெணத்துக்கு ஊத்து அங்கிட்டிருந்துதான் வருது. செடி பூராம் போயிரும்" என்றான்.

எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும். "ஏலே, என் எடத்துலதான போடுறேன். ஒங் கெணத்துக்குள்ளயா எறங்குறேன்?" என்றேன். அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அத்தோடு முடிந்திருக்கும். திரும்பிச் செடிகளுக்குள் போய்விட்டான்.

அந்த இடத்திலேயே போர் போட்டோம், தண்ணீர் வந்தது. சேறும் நீருமாகப் பீய்ச்சி அடித்தது. எங்க வீட்டுக்காரர் கைகூப்பி நின்றார், நான் அழுதுவிட்டேன். சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கப் போவேன். அதே நேரத்தில்தான் தம்பியும் மோட்டார் போடுவான். பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், ஒரு நாள் அவன் மோட்டார் சத்தம் பாதியில் மாறியது. தண்ணீரை விட்டுக் காற்றை இழுக்கிற சத்தம். நிறுத்தினான். செத்த நேரம் கழித்து மறுபடி போட்டான், மறுபடி அதே இழுப்பு. என் கையில் ஓஸ் குழாய் இருந்தது, சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் இன்றைக்கு அவன் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும் என்பதே நினைப்பு. நேற்றைவிடக் குறைச்சலாகத்தான் ஓடும்.

பிரதிஷ்டை அன்று வீட்டுப் பேருக்கு அர்த்தம் சொல்ல வேண்டியது நான் என்று முடிவாகியிருந்தது. சண்டே ஸ்கூலில் இத்தனை வருசம் பாடம் எடுக்கிறவள் அல்லவா. இரண்டு நாள் முன்னால் வேதத்தை எடுத்து, அட்டையில் இருந்த வசனத்துக்கு முன்னால் இருந்ததையும் படித்தேன். எத்தனையோ தடவை படித்ததுதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

ஈசாக்கின் ஆட்கள் முதலில் ஒரு கிணறு வெட்டினார்கள். தண்ணீர் எங்களுடையது என்று அந்த ஊர் மேய்ப்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்கு ஏசேக்கு என்று பேர், வாக்குவாதம் என்று அர்த்தம். இரண்டாவது வெட்டினார்கள், அதற்கும் சண்டை. அதன் பேர் சித்னா. பகை. அந்த மனுசன் இரண்டையும் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்றாவது கிணற்றுக்கு யாரும் சண்டைக்கு வரவில்லை, அதனால்தான் அது ரெகொபோத். தண்ணீர் மூன்றிலும்தான் இருந்தது. பேர் தண்ணீருக்கு வைத்ததில்லை, சண்டை உண்டா இல்லையா என்பதற்கு வைத்தது. எந்த வீட்டிலாவது சித்னா என்று கல் பதித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பதித்திருந்தது அதுதான். எழுத்துத்தான் வேறு.

எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இப்பப் போயி இதையெல்லாம் தோண்டாத" என்றார்.

பிரதிஷ்டைக்குத் தம்பி வருவானா மாட்டானா என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எந்த விசேசம் என்றாலும் பூ அவன் தோட்டத்திலிருந்துதான் வரும். கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டுவான். போதகர் வந்து உட்கார்ந்த பிறகு வந்தான். கையில் ஒரு சின்ன பாலித்தீன் பை. என்னிடம் நீட்டினான்.

"நம்ம தோட்டத்துப் பூ இல்லக்கா. மார்க்கெட்ல வாங்கியாந்தேன்" என்றான்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பூ கொஞ்சம் வாடியிருந்தால் நான் தப்பாக நினைத்துவிடக்கூடாதே என்றுதான் சொன்னான். அவன் குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அர்த்தம் சொல்லக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். விசாலமான இடம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சந்தோசத்தில் பேச்சு அடைத்துக்கொண்டது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஜெபம் முடிந்து பந்தி போட்டபோது தம்பியைக் காணோம். சாப்பிடாமல் போய்விட்டான்.

பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலிக்குப் போனேன். செடிகளுக்கு நடுவில் நின்றிருந்தான். வரப்போரச் செடிகள் பழுத்து இலை கொட்டிக் கிடந்தன.

"தம்பி" என்றேன். திரும்பினான். "எங்க மோட்டாரப் போடுறேன். ஓஸ இங்கிட்டு இழுத்து விடுறேன். வாங்கிக்கிறியாப்பு?"

குனிந்து ஒரு செடியின் அடிமண்ணைத் தொட்டுப் பார்த்தான். வீட்டுக்குள்ளிருந்து, பந்திக்கு இலை போதவில்லை என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் நகரவில்லை.

"எம்புட்டு நீளம் இருக்கு?" என்றான்.

"எட்டும்" என்றேன். எட்டுமா என்று எனக்குத் தெரியாது.